சம்பந்தி வீட்டுக் கடல்மட்டம்

2024 செப்டம்பர் 4, புதன்கிழமை. எழுந்ததும் வாசல் பெருக்கிக் கோலம் போட்டேன். பால் வந்தது, காய்ச்சினேன். இரவு சார்ஜில் போட்டிருந்த ட்ரோன் பேட்டரிகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் பொத்தானையும் அழுத்தி, பச்சைப் புள்ளிகள் முழுமையாக எரிகின்றனவா என்று பார்த்துப் பையில் அடுக்கினேன். கேமரா பேட்டரிகளுக்கு வேறு பை. மெமரி கார்டுகள் காலியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் நான்தான். என் கணவர் பார்த்தால் எல்லாக் கார்டும் காலியாகத்தான் தெரியும். அப்படி ஒரு மஞ்சள் நீராட்டு விழாவையே அவர் காலி செய்திருக்கிறார். பிறகு இட்லி ஊற்றினேன்.

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர் படம் எடுப்பார். ஆர்டர் பேசுவது, தேதி குறிப்பது, ஆல்பத்தைச் சொன்ன நாளில் கொடுப்பது என் பொறுப்பு. மறுநாள் வியாழக்கிழமை ஒரு பெரிய முகூர்த்தம். பெண், எங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளி இருக்கும் பாத்திரக்கடைக்காரரின் மகள். மாப்பிள்ளை வீட்டுக்கு மரக்காணம், உப்பு வியாபாரம். பாத்திரக்கடைக்காரர் கடைத்தெருவில் எங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அந்த வருஷத்துக் கல்யாணங்கள் எங்களுக்கு வரும். கெட்ட வார்த்தை சொன்னால் அவை திண்டிவனத்துக்குப் போகும். இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால் நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுகிறேன்.

இட்லி வேகும்போது அண்ணனிடமிருந்து என் கணவருக்கு போன் வந்தது. ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"தம்பி, வாட்சப்பு பாத்தியா?"

"இல்லண்ணே. இன்னா விசயம்?"

"பாரு. பாத்துட்டுப் பேசு. மானம் போச்சு."

பார்த்தோம். நிச்சயதார்த்தம் செஞ்சி மண்டபத்தில் நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் தங்கள் தரப்புக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு வீடியோக்காரரை அழைத்து வந்திருந்தார்கள். அவர் எடுத்த படத்தை இரண்டு குடும்பமும் இருக்கும் குரூப்பில் முந்தின நாள் போட்டிருக்கிறார்கள். மேலிருந்து மண்டபம், பின்னால் வயல், தூரத்தில் மலை. மூலையில் தங்க எழுத்தில் 'உயரம் 205 மீட்டர்'.

அதே விழாவை நாங்களும் மேலிருந்து எடுத்திருந்தோம். எங்கள் படத்தின் மூலையில் 'உயரம் 115 மீட்டர்' என்று இருக்கிறது. அதைப் போடச் சொன்னவர் அண்ணனேதான். அவருடைய சகலை வீட்டுக் கல்யாணப் படத்தில் நூறு என்று போட்டிருந்தார்களாம். ஒரு காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணத்தின் பெருமையைப் பந்தி எண்ணிச் சொல்வார்கள். பிறகு வாசலில் நிற்கும் கார்களை எண்ணினார்கள். இப்போது கேமரா எத்தனை மீட்டர் ஏறியது என்று கேட்கிறார்கள்.

205க்குக் கீழே மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு வரி எழுதியிருந்தார். 'எங்க கேமரா மேகத்துல. உங்க கேமரா மொட்டமாடில.' பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக.

மறுபடி போன்.

"பாத்தியா? உன் மிஷினுக்கு இன்னா, சோறு போடலியா? நாளைக்கு நமக்கு எரநூத்தம்பது வேணும்."

"அண்ணே, தரையிலேருந்து நூத்தி இருவதுக்கு மேல போவக்கூடாதுண்ணே. சட்டம்."

"அவனுக்கு இல்லாத சட்டமா?"

"அதான் எனக்கும் புரியலண்ணே."

"புரிஞ்சிக்கினு வா. பத்து மணிக்கு நலங்கு."

அந்த நூற்றிருபது எங்கள் வீட்டில் சாதாரண எண் அல்ல. என் கணவர் ஐம்பத்திரண்டு வயதில் பயிற்சிக்குப் போய் ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் வாங்கியவர். முதல்முறை தேறவில்லை. பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் விமானங்கள் உயரத்தை எப்படி அளக்கின்றன என்று ஒரு பாடம் இருந்தது. அது அவருக்கு ஏறவே இல்லை. தினமும் மாலையில் நான் பூண்டு உரித்துக்கொண்டே கேள்வி கேட்பேன், அவர் தப்பாகப் பதில் சொல்வார், நான் புத்தகத்தைத் திறந்து சரியான பதிலைப் படிப்பேன். தேர்வு எழுதியது அவர், தேறியது நாங்கள்.

அந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போயிற்று. விமானத்தில் உயரம் காட்டும் கருவிக்கு உண்மையில் உயரமே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காற்றின் அழுத்தம். உள்ளே காற்றை நீக்கி மூடிய மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று இருக்கிறது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பெட்டி உப்பும், முள் நகரும். அதைத்தான் நாம் உயரம் என்று படிக்கிறோம். பூரி எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்த்து எண்ணெயின் சூட்டைச் சொல்வது மாதிரி.

காற்றழுத்தமோ ஒரு நாள் இருந்ததுபோல மறுநாள் இருக்காது. வங்கக்கடலில் தாழ்வு நிலை என்று டிவியில் சொல்லும் நாளில், தரையில் சும்மா நிற்கும் விமானத்திலும் முள் மேலே ஏறும். விமானம் ஓர் அடிகூட எழும்பியிருக்காது. ஆகவே விமானி அந்தந்த ஊரின் அந்த நேரத்து அழுத்தத்தைக் கேட்டுக் கருவியைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். திருத்தாமல் அழுத்தம் குறைந்த இடத்துக்குள் போனால், கருவி காட்டுவதைவிட விமானம் தாழ்வாகப் பறக்கும். உள்ளே இருப்பவர் மட்டும் தாம் உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உறவினர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள். யார் என்று எழுதவில்லை.

அடுத்தது, எங்கிருந்து அளப்பது என்பது. விமான நிலையத்துத் தரையை ஜீரோ என்று வைத்துக்கொண்டால் ஓர் உயரம். கடல்மட்டத்தை ஜீரோ என்று வைத்தால் அதே விமானத்துக்கு வேறோர் உயரம். இன்னும் மேலே, ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டிவிட்டால், எல்லா விமானங்களும் ஊர்க்கணக்கை விட்டுவிட்டு 1013.25 என்ற ஒரே அழுத்தத்தில் கருவியை வைத்துக்கொள்கின்றன. அந்த அழுத்தம் அன்று கீழே கடல்மட்டத்தில் நிஜமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் இருக்காது. ஆனால் எல்லாரும் ஒரே பொய்யைச் சொன்னால் யாரும் யார் மேலும் மோத மாட்டார்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் சாம்பார் பிரமாதம் என்று சொல்வதும் இதே ஏற்பாடுதான். இறங்கும் நேரத்தில் மட்டும் பெரிய விமானங்கள் ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, தரை நிஜமாகவே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளும்.

தரை என்ற சொல்லையும் முழுதாக நம்புவதற்கில்லை. எங்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போனேன். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறேன். வீடு நின்ற இடத்தில்தான் நிற்கிறது.

எங்கள் ட்ரோன் எளிமையானது. எந்த இடத்திலிருந்து எழும்புகிறதோ அதுதான் அதற்கு ஜீரோ. என் கணவருக்கு அது புரிந்திருந்தது. அதை அண்ணனுக்கும் புரியவைக்கலாம் என்று நினைத்ததுதான் அவர் அன்று செய்த முதல் தப்பு.

பத்து மணிக்கு நலங்கு. கீழ்க்கட்டில் பெண்ணை மணையில் உட்காரவைத்து, சுமங்கலிகள் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். நானும் பூசினேன். அது முடிந்ததும் அண்ணன் என் கணவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். மஞ்சள் முகத்தோடு பெண்ணும் பின்னாலேயே ஏறி வந்தாள்; அவளுக்கு நலங்கைவிட இது சுவாரசியமாக இருந்திருக்கும்.

அண்ணன் கோட்டை மலையைக் காட்டினார்.

"அது மேல போயி உக்காந்துகினு அங்கேருந்து உடு. எவனுக்கு வரும் அந்த ஒசரம்?"

"அண்ணே, அங்கெல்லாம் பர்மிசன் இல்லாம பறக்க உடக்கூடாது. அப்டியே உட்டாலும் நம்பரு ஏறாது. மிஷினு கெளம்பற எடம்தான் அதுக்கு ஜீரோ. இங்க பாருங்க, காட்டறேன்."

மாடித் தரையில் ட்ரோனை வைத்து எழுப்பினார். வீட்டின் பின்பக்கத் தோட்டத்துக்கு மேல் நகர்த்தி மெதுவாகக் கீழே இறக்கினார். துணி துவைக்கும் கல்லுக்கு மேலே தலையுயரத்தில் அது நின்றது. கையில் பிடித்து ட்ரோனை ஓட்டும் கருவியின் திரையை அண்ணனிடம் நீட்டினார். −9 என்று இருந்தது.

"இன்னாயா இது, முன்னாடி கோடு?"

"மைனஸ்ணே. நாம மாடியிலேருந்து கெளம்பனோம், இப்ப மாடிக்குக் கீழ இருக்குது, அதனால..."

"மைனஸ்ஸா! எம் பொண்ணு கல்யாணத்துல மைனஸ்ஸா? நல்ல நாளும் அதுவுமா! தூக்கு, மொதல்ல மேல தூக்கு!"

தூக்கினார். மாடியளவுக்கு வந்ததும் 0 ஆயிற்று. அது அண்ணனை மேலும் வருத்தப்படுத்தியது.

பெண் சிரித்துவிட்டாள். "நைனா, எரநூத்தம்பதுல எடுத்தா நான் கடுகாட்டம் தெரிவேன். எனக்குப் பதிலா யார வேணா ஒக்கார வெச்சிக்கலாம்."

"நீ சும்மா இரும்மா. உன்ன எடுக்கறதுக்குக் கீழ கேமரா இருக்குது. மேல போறது நம்ம மரியாத."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாமல் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "தோ பாரும்மா தங்கச்சி. நாளைக்கு எரநூத்தம்பது. முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க, நான் திண்டிவனத்துக்காரனையே நம்ம சைடுக்கும் எடுக்கச் சொல்லிடறேன். அப்பறம் கடைத்தெருவுல யாரு கேட்டாலும் நான் உள்ளதத்தான் சொல்லுவேன்."

மதியம் வீட்டுக்கு வந்தோம். நான் சாதம் வடித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து கருவியை நோண்டிக்கொண்டிருந்தார். ட்ரோன் எவ்வளவு உயரம் வரை போகலாம் என்று அதில் ஒரு வரம்பு வைக்கலாம். சான்றிதழ் வந்த அன்றே அதை நூற்றிருபதில் வைத்துவிட்டார். இப்போது அது முந்நூறில் இருந்தது.

"இன்னாங்க பண்றீங்க?"

"சும்மா பாக்கறேன்."

"சும்மா பாக்கறதுக்கு எதுக்கு முன்னூறு?"

அவர் நிமிரவில்லை. "ஒரு நிமிசம். நம்பரு வந்ததும் எறக்கிடுவேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"ரெண்டு வூட்டு குரூப்புக்கும் தெரியும். நீங்களே தங்க எழுத்துல மூலையில போட்டு அனுப்பப் போறீங்க."

 விதியைக் கவனிக்கும் அதிகாரி யாராவது அந்த எண்ணைப் பார்த்துக் கேட்டால், சான்றிதழ் போய்விடும். சான்றிதழ் போனால் ட்ரோனை ஸ்டூடியோ கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏறாவிட்டால் கடைத்தெருவில் பேர் போய்விடும். அப்போதும் அதே அலமாரிதான்.

"வேற இன்னா பண்ணச் சொல்ற?" என்றார். "பாஸ்போர்ட் சைசுக்குக்கூட இப்பல்லாம் எவனும் வர்றதில்ல. போன்லயே எடுத்துக்கறான். கல்யாணம்தான் மிச்சம் இருக்குது."

நான் சாதம் போட்டேன். சாப்பிடும்போது ஒன்று கேட்டேன். திண்டிவனத்துக்காரரும் சான்றிதழ் வைத்திருப்பவர்தானே, அவர் எப்படி இருநூற்றைந்துக்குப் போனார்?

"அதான் தெரியல. அன்னிக்கு அவன் மிஷினு என் மிஷினுக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு. மோதிடுமோன்னு நான் கத்தினேன், ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இருந்தது. மண்டபத்து வாசலில் இரண்டு பேரும் தலையை அண்ணாந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு ட்ரோன்களில் ஒன்று 115, இன்னொன்று 205. கழித்தேன். தொண்ணூறு வந்தது. செஞ்சியின் தரை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ தொண்ணூறு மீட்டரில் இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு அவருடைய போனிலிருந்து நானே திண்டிவனத்துக்காரரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நிச்சயதார்த்தத்துல எரநூத்தி அஞ்சுன்னு போட்டிருக்கியே, அது கடல்லேருந்தா?"

அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. பிறகு, "ஆமா அண்ணி. நான் பொய் எழுதல அண்ணி. பையன் வூட்ல பெரிய நம்பரா வேணும்னாங்க. வீடியோவோட கடல்மட்டக் கணக்கும் பதிவாவுது. அத எடுத்துப் போட்டுட்டேன்."

"கடல்லேருந்துன்னு பக்கத்துல போட்டிருக்கலாமே?"

"எடம் பத்தல அண்ணி."

என் கணவர் போனை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் மறுநாளுக்கான கணக்கைப் பேசினார்கள். மண்டபத்து முன்வாசல் தரை இருவருக்கும் ஜீரோ. "நீங்க பெரியவங்க, நீங்க மேல இருங்கண்ணே" என்றார் அவர். "வேணாம்பா, என் பேட்டரி பழசு, நீ நூறுல இரு, நான் எம்பதுல இருக்கறேன்" என்றார் இவர். அந்தக் கல்யாணத்தில் ஒரே நிமிடத்தில் முடிந்த பேச்சு இது ஒன்றுதான். பேசி முடித்தபிறகுதான் இருவருக்கும் அண்ணனின் ஞாபகம் வந்தது. இருநூற்றைம்பது கேட்டவரிடம் எண்பது என்று யார் சொல்வது?

"நீதான் நல்லாப் பேசுவ" என்றார் என் கணவர்.

முந்நூறை அவர் இறக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அண்ணன் ஒத்துக்கொண்டால்தான் இறக்குவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. அவர் மேடைக்கு முன்னால் படம் எடுக்கப் போனார். நான் வாசலில் வாழைமரத்தடியில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இரண்டு ட்ரோனும் ஒரே உயரத்தில்தான் நின்றன. நம்முடையது தரையிலிருந்து அளந்தது, அவர்களுடையது கடலிலிருந்து அளந்தது. ஆகவே யாரும் யாரைவிடவும் தாழ்ந்துவிடவில்லை. இவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது. இதைக் கேட்டு அவர் சமாதானமாவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் பன்னீர்ச் செம்பை மேசையில் வைத்தார்.

"எரநூத்தி அஞ்சுல நூத்திப் பதினஞ்சு போனா?"

"தொண்ணூறுண்ணே."

"அந்தத் தொண்ணூறு யாருது?"

"யாருதுன்னா... நம்ம ஊரு தரையோட ஒசரம்ணே அது."

"நம்ம ஊரு ஒசரத்தத் தூக்கி அவங்க கணக்குல எழுதிக்கினாங்களா!"

நான் இந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை.

"இரு இரு. மரக்காணம் எவ்ளோ ஒசரம்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு எண்ணைக் கேட்டால் எனக்குச் சொல்லாமல் இருக்க வராது. "அது கடற்கரைண்ணே. ஜீரோவுக்குப் பக்கத்துல இருக்கும்."

அண்ணனின் முகம் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி ஆயிற்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நேராகப் பந்தி நடக்கும் இடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மேடையருகே இருந்த என் கணவர் எங்கள் இருவரையும் பார்த்து, கேமரா மாப்பிள்ளையின் கால் பக்கம் சாய்ந்ததுகூடத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பகுதி இப்போதும் படத்தில் இருக்கிறது. செருப்பு நன்றாக வந்திருக்கிறது.

சம்பந்தி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குரூப்பில் எழுதிய சித்தப்பா. அண்ணன் எதிர்வரிசையில் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் கூட்டு வைத்தார். அண்ணன் கூட்டைத் தொடவில்லை.

"சம்பந்தி, ஒரு விசயம் தெரிஞ்சிச்சு. உங்க கேமராவும் எங்க கேமராவும் ஒரே ஒசரத்துலதான் நின்னுச்சாம்."

"அப்டியா?"

"ஆமா. உங்காளு கடல்லேருந்து அளந்துட்டான். அதுல தொண்ணூறு மீட்டரு எங்க ஊரு தரை. நாங்க பொறந்ததுலேருந்தே தொண்ணூறுல நிக்கறோம். உங்க ஊரு இன்னான்னு கேட்டேன். ஜீரோவாம்."

பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சித்தப்பா வடையைக் கீழே வைத்தார். ஒரு கல்யாணம் நிற்பதற்கு இதைவிடச் சின்னக் காரணங்களை நான் இதே மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு முறை மாலை சின்னதாக இருந்தது என்றார்கள். 

சம்பந்தி அவசரப்படவில்லை. சோற்றில் குழி செய்து சாம்பாரை வாங்கி, பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்ட பிறகு பேசினார்.

"ஜீரோதான். ஒத்துக்கறேன். மலைய எங்கேருந்து அளக்கறாங்க, சம்பந்தி?"

"கடல்லேருந்து."

"ஏரோப்ளேன?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "அதுவும் கடல்லேருந்து அளப்பாங்கண்ணே" என்றேன். அதில் மூன்று விதம் உண்டு என்று சொல்வதற்கு அது நேரமல்ல.

"கடல் யாரு ஊர்ல இருக்குது?" என்றார் சம்பந்தி. "எங்க ஊர்ல இருக்குது. இமயமலையானாலும் எங்க வாசல்லேருந்துதான் அளக்கணும். எங்கள வெச்சித்தான் ஒலகத்துக்கே கணக்கு."

சித்தப்பா உற்சாகமாகி, "அப்டியும் எங்க தெரு கொஞ்சம் மேடு. ஒரு நாலு மீட்டரு..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருடா" என்றார் சம்பந்தி. "ஜீரோன்னா ஜீரோ."

அண்ணன் மனக்கணக்குப் போட்டார். அவர் உதடு அசைந்தது. பிறகு, ஏலம் முடிந்ததுபோல இலையின் மேல் கையை வைத்தார்.

"அப்போ உங்க வாசல்லேருந்து அளந்தா நாங்க தொண்ணூறு."

"தொண்ணூறு. யாரு இல்லன்னது? ஆனா எங்க வாசல்லேருந்து."

"உங்க வாசல்லேருந்து."

இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு ரசத்துக்குக் கை குவித்தார்கள். சித்தப்பா மட்டும் ஏதோ கையை விட்டுப் போய்விட்டது மாதிரி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். விமானங்களுக்கு ஒரே 1013.25 போதும். சம்பந்திகளுக்கு ஒரே ஜீரோவை இரண்டு பேரும் தங்களுடையதென்று சொல்லிக்கொள்ள இடம் வேண்டும். எங்கள் ட்ரோன் புத்தகத்தில் இது இல்லை.

அண்ணன் கை கழுவ எழுந்தபோது என் கணவர் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். 

"அண்ணே, நாளைக்கு எவ்ளோ ஒசரம்?"

"எதுக்குப்பா ஒசரம்? நாமதான் ஏற்கெனவே தொண்ணூறுல நிக்கறோமே. எம்பதோ எழுவதோ, உன் இஷ்டம். பொண்ணு முகம் தெரியற மாதிரி எடு."

அந்தக் கடைசி வரியைக் கேட்பதற்குப் பெண் பக்கத்தில் இல்லை. மேடையில் யாரோ கொடுத்த பரிசைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆனா மூலையில ஒண்ணு போடணும்" என்றார் அண்ணன். "செஞ்சி, கடல்மட்டத்துக்கு மேல தொண்ணூறு மீட்டர். தங்க எழுத்துல."

"எடம் பத்தாதுண்ணே" என்றார் என் கணவர்.

"பத்தும்" என்றேன் நான். "எழுத்தச் சின்னதாக்கலாம்."

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் அவர் இரண்டு முறை தனக்குத்தானே சிரித்தார். முந்நூறை இப்போதே இறக்கிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நாள் முழுக்க நின்ற கால் அவருக்கு வீங்கியிருந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, அவர் கருவியை எடுத்து வரம்பை முந்நூறிலிருந்து நூற்றிருபதுக்கு இறக்கினார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சரியாக இருந்தது.